ரிக் வண்டி பசங்களுக்கு யார்டிலேயே எச்.ஐ.வி. டெஸ்ட் வைக்கலாமா?

போர்வண்டிக்காரன் (திருச்செங்கோடு) கேட்டது:

வணக்கமுங்க. எங்களுக்கு ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் ரிக் வண்டி நாலு, சப்போர்ட் லாரி நாலு. வருசத்தில் முக்கால்வாசி நாள் சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று எங்காவது போர் போட்டுக்கொண்டிருக்கும், மழைக்காலத்தில் ஓட்டம் குறையும்போதுதான் ஊர் திரும்பும். இப்போது இரண்டு வண்டி யார்டில் சர்வீசுக்கு நிற்கிறது, மற்ற இரண்டும் ஆயுத பூஜைக்கு முன்னால் வந்துவிடும். எல்லாம் சேர்ந்தால் முப்பது பேருக்கு மேல், அதில் பாதி வடக்கத்திப் பையன்கள்.

போன வாரம் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். யார்டிலேயே ஒரு நாள் பொழுதோட வந்து, விருப்பப்படுகிறவர்களுக்கு விரலில் ஊசி குத்தி எச்.ஐ.வி. பார்க்கிறோம், செலவு ஒன்றும் இல்லை, இடம் மட்டும் கொடுங்கள் என்றார்கள். எனக்குச் சரி என்று தோன்றியது. கூட்டாளி மச்சான் ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார். ஒருத்தனுக்கு இருக்கிறது என்று தெரிந்தால் மற்றவன் அவனோடு ஒரே வண்டியில் படுப்பானா, ஏஜெண்டுகள் காதுக்குப் போனால் நம் வண்டிக்கே பேர் கெட்டுப்போகும், வேண்டுமென்கிறவன் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி.

அவர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. ஆனால் அப்பாவிடம் லாரி ஓட்டிய ஒரு டிரைவர் 2002-ல் இந்த நோயில்தான் போனார். எலும்பும் தோலுமாக ஆகி, கடைசி மாதத்தில்தான் என்னவென்றே தெரிந்தது. எடுத்துப் போட ஆள் வரவில்லை, அப்பாவும் நானும் இன்னும் இரண்டு பேரும்தான். அது மனதில் இருக்கிறது.

விரலில் குத்திப் பார்ப்பதை நம்பலாமா? யாருக்காவது வந்துவிட்டால் நான் என்ன செய்ய வேண்டும்? ரிசல்ட்டை முதலாளி என்கிற முறையில் என்னிடம் கொடுப்பார்களா, நான் வாங்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய லேப்காரர்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கொடுக்க மாட்டார்கள், நீங்கள் கேட்கவும் கூடாது. எச்.ஐ.வி. சட்டம் 2017-ல் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது, வேலைக்குச் சேர்க்கவோ வேலையில் வைத்திருக்கவோ டெஸ்ட்டை நிபந்தனையாகப் போடக் கூடாது, இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு அனுப்பக் கூடாது. ரிசல்ட் அவனுடையது. அவனாக வந்து சொன்னால் தவிர உங்களுக்குத் தெரிய வேண்டிய வழியே இல்லை.

விரல் டெஸ்ட்டுக்கு வருகிறேன். நான் நம்பிக்கை மையத்தில், அதாவது கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கும் இடத்தில், பல வருசம் லேப் பார்த்தவன். ஒரு சொட்டு ரத்தம், இருபது நிமிசத்துக்குள் தெரிந்துவிடும். கிட் வேலை செய்கிறது என்று காட்ட ஒரு கோடு எல்லாருக்கும் விழும், நான் கோடு என்று சொல்வது இரண்டாவது கோட்டை. மோசமான டெஸ்ட் இல்லை, நோய் இருப்பவனைத் தவறவிடுவது மிகக் குறைவு. ஆனால் அது சல்லடை மாதிரி, தராசு இல்லை. கோடு விழுந்தால் 'ரியாக்டிவ்' என்று மட்டும்தான் சொல்ல வேண்டும், 'உனக்கு எச்.ஐ.வி.' என்று சொல்லக் கூடாது. அப்புறம் நம்பிக்கை மையத்துக்கு வரச் சொல்லி, வெவ்வேறு வகையான மூன்று கிட்டுகளில் திரும்பப் பார்த்து, மூன்றும் ஒரே மாதிரி வந்தால்தான் பாசிட்டிவ் என்று கையெழுத்துப் போடுவோம்.

ஏன் இத்தனை சுற்று என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன், கணக்குக்காக மட்டும். ஆயிரம் பேரில் நிசமாகவே நோய் உள்ளவர் இரண்டு பேர் என்று வையுங்கள். நூறு நல்ல ஆளில் ஒருத்தருக்குத் தவறாகக் கோடு போடுகிற கிட் என்றால் அந்த ஆயிரத்தில் பத்துப் பேருக்கு வீணாகக் கோடு விழும். ஆகப் பன்னிரண்டு பேர் ரியாக்டிவ், உண்மையில் இரண்டே பேர். மீதிப் பத்துப் பேரிடம் யார்டில் வைத்தே 'உனக்கு இருக்கிறது' என்று எவனாவது சொல்லித் தொலைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கிட் இதைவிட நன்றாகவே இருக்கும், ஆனாலும் இந்த ஆபத்து முழுசாகப் போகாது.

இன்னொன்று. இந்த டெஸ்ட் கிருமியைப் பார்ப்பதில்லை, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்கிறது. அது ரத்தத்தில் தெரிய வாரங்கள் பிடிக்கும், சிலருக்கு மூன்று மாதம் வரை. ஆகவே போன வாரம் ராய்ப்பூரில் எங்கேயோ போய்விட்டு வந்த பையனுக்கு இந்த வாரம் கோடு விழவில்லை என்றால் அதற்கு அர்த்தம் இல்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வருகிறவர்கள் இதை ஒவ்வொருத்தனிடமும் தனியாக உட்கார்ந்து சொல்வார்களா என்று கேளுங்கள். மைக்கில் சொல்வோம் என்றால் வேண்டாம் என்று விடுங்கள்.


சங்ககிரி டிரைவர்:

மேலே அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் 'வேண்டுமென்கிறவன் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்' என்கிற உங்கள் மச்சானுக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் போகாதவன்.

இருபத்திரண்டு வருசமாக லாரி. எனக்குப் பயம் வந்தது ஒரு தடவை, எதனால் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. நம்பிக்கை மையம் எங்கே இருக்கிறது என்று தெரியும், காசு கிடையாது என்றும் தெரியும், போர்டில் 'நம்பிக்கை மையம்' என்றுதான் போட்டிருக்கும், எய்ட்ஸ் என்று போட்டிருக்காது. ஆனால் அந்த வராண்டாவில் அந்தக் கதவுக்கு முன்னால் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தால் எதற்கு உட்கார்ந்திருக்கிறான் என்று கூட்டிப் பெருக்கும் அம்மா முதற்கொண்டு எல்லாருக்கும் தெரியும். இரண்டு முறை போய், ஓ.பி. சீட்டு வாங்கி, பல் வலி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். பல்லுக்கு மாத்திரையும் கொடுத்தார்கள், வீட்டில் இன்னும் கிடக்கிறது. எல்லாம் போக அந்த மையம் நடக்கிற நேரத்தில் நான் ஊரிலேயே இருக்க மாட்டேன், ஊருக்கு வந்தால் லோடு இறக்கி ஏற்றி எப்.சி. வேலை பார்த்து ஒரு ராத்திரி வீட்டில் படுத்தால் மறுநாள் காலையில் ஓட்டம்.

கடைசியில் எனக்குப் பார்த்தது நாமக்கல் பக்கம் லாரிகள் நிற்கும் ஒரு இடத்தில், ராத்திரி எட்டரை மணிக்கு. சுகர், பிரஷர் பார்க்கிறோம் என்று மேசை போட்டிருந்தார்கள். அந்த வரிசையில் நின்றவன் சுகருக்கு நிற்கிறானா இதற்கு நிற்கிறானா என்று எவனுக்கும் தெரியாது. உள்ளே தனியாக ஒரு வேனில் கேட்டார்கள், எச்.ஐ.வி.யும் பார்க்கலாமா என்று. சரி என்றேன். இல்லை என்று வந்தது. சுகர்தான் இருநூற்று எண்பது, அது வேறு கதை.

அதனால் யார்டில் வைப்பதென்றால் எச்.ஐ.வி. கேம்ப் என்று வைக்காதீர்கள். சுகர், பிரஷர், கண், சளிப் பரிசோதனை எல்லாம் சேர்த்து வையுங்கள். கண்ணு டெஸ்ட் என்றால் டிரைவர் எல்லாரும் வருவார்கள், லைசென்ஸ் புதுப்பிக்கக் கேட்பார்கள் இல்லையா.


காங்கேயத்தான்:

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. எய்ட்ஸ் என்றாலே ஏன் லாரிக்காரனும் ரிக் பையனும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்? 2003 வாக்கில் சுவரெல்லாம் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று எழுதி வைத்தார்கள், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ராஜா என்று பேர் வைத்த பையன்கள் பட்ட பாடு சொல்லி மாளாது. நம் பக்கத்து மில் ஓனர், பைனான்ஸ்காரர், ரியல் எஸ்டேட்காரர் யார் வீட்டு வாசலிலும் இந்த வேன் போய் நிற்காது. யார்டுக்கும் லாரிப் பேட்டைக்கும்தான் வரும். டெஸ்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. முப்பது பையன்களைக் கையை நீட்டச் சொல்கிறவர்கள் தங்கள் விரலையும் ஒரு நாள் நீட்டட்டும்.


பெருமாநல்லூர் அக்கா:

காங்கேயம் தம்பி சொல்வதில் பாதி நியாயம். ஆனால் லாரிக்காரர் வீட்டில் இருக்கும் பொம்பளையை யாரும் நினைக்கவில்லை பாருங்கள், எனக்கு அதுதான் வலிக்கிறது. பிள்ளை உண்டானால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மற்ற டெஸ்ட்டோடு எச்.ஐ.வி.யும் பார்த்துவிடுகிறார்கள், அதில் தெரிய வருகிறது. எங்கள் ஒரம்பரையில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது, இரண்டாவது பிள்ளைக்கு நாலாம் மாதம். மருந்து கொடுத்து அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லாமல் காப்பாற்றிவிட்டார்கள். மருந்தே இல்லாவிட்டால் நூற்றுக்குப் பதினைந்தில் இருந்து நாற்பத்தைந்து பிள்ளைகள் வரை தொற்றுமாம், மருந்து ஒழுங்காக எடுத்தால் ஐந்துக்கும் கீழே. ஆனால் ஊர் என்ன சொன்னது? முதலில் தெரிந்தது அவளுக்கு என்பதால் அவள்தான் கொண்டுவந்தாள் என்றது. அவன் டெஸ்ட்டுக்கே எட்டு மாதம் வரவில்லை.

அப்புறம் கேம்ப் பற்றி எனக்கு அனுபவம் இருக்கிறது, நல்ல அனுபவம் இல்லை. பனியன் கம்பெனியில் லைன் பார்க்கிறேன். முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ரத்த டெஸ்ட் என்று சொல்லி ஹாஸ்டல் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஆபீசில் இருந்து ஒரு ஒடிசாப் பொண்ணைக் கூப்பிட்டுக் கணக்கு முடித்து ரயில் ஏற்றிவிட்டார்கள். என்ன வந்தது, சரியாகப் பார்த்தார்களா, அவளுக்கு மருந்து எங்கே கிடைக்கும் என்று எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பொண்ணுக்குத் தமிழ் அரைகுறை. ஏன் அனுப்புகிறார்கள் என்றே தெரியாமல் என்னிடம் கேட்டாள், நானும் எனக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன். எனக்குத் தெரிந்திருந்தது.

ரிக்காரத் தம்பி, உங்கள் பையன்களில் பாதிப் பேர் இந்திக்காரர்கள் என்கிறீர்கள். வருகிறவர்களில் இந்தி பேசுகிற ஆள் உண்டா? தலையை ஆட்டுவது சம்மதம் இல்லை. நாம் என்ன சொன்னாலும் அந்தப் பிள்ளைகள் தலையை ஆட்டும்.


டவுட்டு கோவிந்து:

இத்தனை சிக்கல் எதற்கு? வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் கிட் ஆன்லைனில் கிடைக்கிறதே. எச்சிலில் பார்ப்பது கூட இருக்கிறது. ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் அவனவன் ரூமில் பார்த்துக்கொள்வான்.


பழைய லேப்காரர்:

கோவிந்து, யோசனை நல்லதுதான். சுயபரிசோதனை என்பது இன்று நேற்றுச் சமாசாரம் இல்லை. அமெரிக்காவில் எச்சில் கிட்டை 2012-ல் கடையில் விற்கவே அனுமதித்தார்கள், உலக சுகாதார நிறுவனம் 2016-ல் பரிந்துரைத்தது. முகம் காட்ட விரும்பாதவனுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் ஒருத்தர் என்னிடம் அழுதுகொண்டே போன் செய்த கதையைச் சொல்கிறேன். வாங்கி, ராத்திரி பார்த்திருக்கிறார், இருபது நிமிசத்தில் ஒரு கோடுதான். நிம்மதியாகத் தூங்கிவிட்டார். காலையில் எழுந்து குப்பையில் போட எடுத்தால் மங்கலாக இரண்டாவது கோடு! நேரம் தாண்டிப் பார்த்தால் காய்ந்த கோடு சில சமயம் அப்படித் தெரியும், அதை ரிசல்ட்டாக எடுக்கவே கூடாது. அது அவருக்குத் தெரியாது, காகிதத்தில் பொடி எழுத்தில் இருந்திருக்கும். நம்பிக்கை மையத்துக்கு வரவழைத்துப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. இடையில் இருந்த மூன்று நாளில் அந்த மனுசன் கிணற்றடி வரை போய்வந்திருக்கிறார். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்தக் கிட்டில் பார்த்தால் இல்லை என்று காட்டக்கூடும், அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தினால் இன்னும் மோசம்.

கிட்டோடு ஒரு போன் நம்பராவது இருக்க வேண்டும். 1097 என்று தேசிய உதவி எண் இருக்கிறது, காசில்லை. தமிழிலும் பேசலாம், இந்தியிலும் பேசலாம். முதலாளியே வாங்கிக் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கிட் கொடுத்தவர் மறுநாள் 'என்னப்பா, என்ன வந்துச்சு?' என்று கேட்காமல் இருப்பாரா?


பெயர் வேண்டாம்:

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இருக்கிறது. பதினோரு வருசம் ஆகிறது. ஈரோடு மாவட்டம், மஞ்சள் வியாபாரம்.

உங்கள் அப்பாவின் டிரைவர் செத்தது 2002 என்று எழுதியிருந்தீர்கள். எச்.ஐ.வி. கிருமியை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மருந்தை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில்தான். இரண்டு வருசம் முந்திப் போய்விட்டார். அந்தக் காலத்தில் டெஸ்ட் எடுத்து என்ன செய்வது என்று கேட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. இப்போது அப்படி இல்லை. 2017-ல் இருந்து சி.டி.4 (ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புச் சக்தி அணுக்கள்) எண்ணிக்கை எவ்வளவு என்று பார்த்துக் காத்திருப்பதும் கிடையாது, பாசிட்டிவ் என்று உறுதியானால் உடனே மருந்து. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறேன். ரத்தத்தில் கிருமி அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது, அப்படி இருக்கும்வரை என்னிடம் இருந்து உடலுறவில் அடுத்தவருக்குத் தொற்றாது. என் வீட்டுக்காரம்மாவுக்கு இல்லை.

ஒரே வண்டியில் படுப்பார்களா என்கிறார் உங்கள் மச்சான். ஒரே தட்டில் சாப்பிட்டாலும் தொற்றாது. அவருக்கும் இது தெரிந்திருக்கும். தெரிவது வேறு, படுப்பது வேறு, அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்தது கேம்ப்பில் இல்லை, ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். டாக்டர் என்னிடம் சொல்லவில்லை. ஆபரேஷன் முடியாது, வேறு இடம் பாருங்கள் என்று என் தம்பியிடம் காரணத்தோடு சொன்னார், பக்கத்தில் பெரியப்பா நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் பத்திரம், யார்டில் பார்த்தால் ஆபத்து என்பதெல்லாம் வெறும் பேச்சு. அந்த வேனில் சங்ககிரி அண்ணனுக்குக் கிடைத்த மரியாதை எனக்கு ஏசி ரூமில் கிடைக்கவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். ரியாக்டிவ் என்று வந்த பையனை அன்று ராத்திரி தனியாக விடாதீர்கள் என்று அந்த நிறுவனத்துக்காரர்களிடம் சொல்லுங்கள். மறுநாள் காலையில் நம்பிக்கை மையத்துக்கு அவனோடு பஸ் ஏறுகிற ஆள் யார் என்று பேர் சொல்லச் சொல்லுங்கள். சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினால் பாதிப் பேர் போக மாட்டார்கள், நானே இரண்டு மாதம் போகவில்லை. உறுதியாகி மருந்து ஆரம்பித்த பிறகு வண்டி ராஜஸ்தான் போகிறது என்றால், அங்கே உள்ள ஏ.ஆர்.டி. மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், வாங்கிய மருந்து தீரும் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ரிக் ஓட்டத்தில் மாத்திரை விட்டுப்போவதுதான் பெரிய பயம்.


போர்வண்டிக்காரன் (திருச்செங்கோடு):

எல்லாருக்கும் நன்றிங்க. பெயர் வேண்டாம் அண்ணனுக்குத் தனியாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மச்சானை உட்கார வைத்து இந்த இழை முழுக்கப் படித்துக் காட்டினேன். ஒடிசாப் பொண்ணு கதை வந்தபோது எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். அப்புறம் 'சரி, ஆனா கண் டெஸ்ட்டுனு போடு' என்றார்.

அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்டேன். இந்தி பேசும் கவுன்சிலர் ஒருவர் உண்டாம் (டெஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் தனியாக ஆலோசனை சொல்கிறவர், நான் முதலில் வார்டு கவுன்சிலர் எதற்கு வருகிறார் என்று நினைத்துவிட்டேன்). சுகர், பிரஷர், கண், சளி எல்லாம் சேர்த்தே செய்யலாம் என்றார்கள், கூடவே மேகநோய் (சிபிலிஸ்) டெஸ்ட்டும் அதே ஒரு சொட்டு ரத்தத்தில் பார்த்துவிடலாமாம். மறுநாள் யார் கூடப் போவது என்று கேட்டதும் கொஞ்சம் தடுமாறினார்கள், அப்புறம் ஒருத்தர் பேரைச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று வைத்திருக்கிறோம். பையன்களுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று முதல் ஆளாக நானே எல்லார் முன்னாலும் விரலை நீட்டலாம் என்று இருக்கிறேன். காங்கேயத்துக்காரருக்கும் அது திருப்தியாக இருக்கும்.


பழைய லேப்காரர்:

விரலை நீட்டுங்கள், ஆனால் அன்று யார்டில் வேண்டாம். முதலாளி முதல் ஆளாக நின்றால் அடுத்தவன் வேண்டாம் என்று எப்படிச் சொல்வான்? நீங்கள் தைரியம் கொடுப்பதாக நினைப்பீர்கள், அவனுக்கு அது உத்தரவு. யார் மேசைக்குப் போனான், எவ்வளவு நேரம் உள்ளே இருந்தான், வெளியே வரும்போது முகம் எப்படி இருந்தது என்று உங்கள் கண் தானாகப் பார்க்கும். பார்க்காமல் இருக்க உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. மேனேஜரையும் அனுப்பிவிடுங்கள். சமையல்காரர் மட்டும் இருக்கட்டும்.


பெருமாநல்லூர் அக்கா:

அண்ணா சொல்வதுதான் சரி. வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்காவது போங்கள் தம்பி.


போர்வண்டிக்காரன் (திருச்செங்கோடு):

சரிங்க. அந்த ஞாயிறு பரமத்தி வேலூரில் மாமியார் வீட்டுக்குப் போகிறோம், மச்சானையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு. திங்கள்கிழமை நானும் அவளும் நாமக்கல் போய் நம்பிக்கை மையத்தில் பார்த்துக்கொள்வதாக இருக்கிறோம். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எப்படி இருந்தது என்று சங்ககிரி அண்ணனுக்குச் சொல்கிறேன்.


சங்ககிரி டிரைவர்:

பல் வலி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் மாப்ள, நிசமாகவே பிடுங்கிவிடுவார்கள்.